மூன்று முறை படித்த மருந்துத்தாள்

அந்தத் தாளை மேசைமேல் விட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனவன் நான்தான். வேறு யார் தலையிலும் கட்டுவதற்கு வழியில்லை. ஐந்து நிமிடம் கழித்து, இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது, கூடத்தில் பதினோரு பேர் கேட்க, கமாக்கா கணீரென்று படித்துக்கொண்டிருந்தார்.

"இம்மாத்திரை ஆண்களுக்கு ஏற்படும் விறைப்புத்தன்மைக் குறைபாட்டிற்கானது, முற்றுப்புள்ளி. பாலியல் தூண்டுதல் இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும், முற்றுப்புள்ளி. இது தானாக ஆசையை உண்டாக்காது, முற்றுப்புள்ளி."

மருந்துப் பெட்டிகளையும் அவற்றுக்குள் பன்னிரண்டாக மடித்து வைக்கும் தாள்களையும் அச்சடிக்கிற நிறுவனம் எங்களுடையது. ஒரு புள்ளி இடம் மாறினால் அரை மாத்திரை ஐந்து மாத்திரையாகிவிடும் என்பதால் எந்த வேலையையும் இரண்டு பேர் சேர்ந்துதான் சரிபார்ப்போம். ஒருவர் மூலப்படியைச் சத்தமாகப் படிப்பார், நிறுத்தக்குறிகள் உட்பட. மற்றவர் அச்சுப்படியின்மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்ந்துகொண்டே வருவார். படிக்கிற குரல் கமாக்காவுடையது, நகர்கிற விரல் என்னுடையது. அவர் 'கமா' என்று சொன்னால் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர்களும் ஒரு கணம் நின்று மூச்சு வாங்குவார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. புது வேலை வந்தால் நாக்குப் பழகுவதற்காக ஒருமுறை தனியாகப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். என் மேசையில் குவியலின் உச்சியில் இருந்ததைப் புது வேலை என்று நினைத்துவிட்டார்.

அது என் சொந்தத் தாள். என் சாப்பாட்டுப் பைக்குள், பழுப்பு உறைக்குள், நான்கு மாத்திரைகளோடு வந்தது.

"அக்கா, அது என்ன ஜாப் நம்பர்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"நம்பரே இல்ல சார். ஓரத்துல செவப்பு மையில என்னமோ எழுதியிருக்கு." அக்கா கண்ணாடியை உயர்த்திக்கொண்டார். "'ஒரு மணி நேரம் முன்பு உட்கொள்ளவும் என்றுள்ளது. ஒரு மணி நேரம் முன்பே எப்படித் தெரியும், கேள்விக்குறி. கேட்க.'"

கூடத்தில் இருந்த எல்லோரும் என் சிவப்பு மையில் வருடக்கணக்காகத் திட்டு வாங்கியவர்கள். என் கையெழுத்தைத் தூக்கத்தில் காட்டினாலும் அடையாளம் சொல்வார்கள். வெட்டு இயந்திரக்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நியாயமான கேள்விதான்."

"அது வேற பிரஸ்ல அடிச்சது சார்," என்றேன். "பேப்பர் எவ்வளவு மெல்லிசா இருக்குன்னு பாக்கலாம்னு கொண்டுவந்தேன்."

"ஓ, பேப்பரா."

"பேப்பர்தான்."

"நல்ல பேப்பர்," என்றார் மேற்பார்வையாளர், உத்தரத்தைப் பார்த்து. பதினோரு பேரும் அவரவர் வேலைக்கு ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அவ்வளவு சுறுசுறுப்பை அந்தக் கூடம் சம்பள உயர்வு அறிவித்த நாளில்கூடக் கண்டதில்லை. இரண்டு கோப்பைத் தேநீரில் ஒன்றரைக் கோப்பை என் கால்சட்டையில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. கடந்த பதினோரு மாதமாக என் உடம்பு ஒரு விஷயத்தில் எனக்குக் கட்டுப்படுவதில்லை. முதல் முறை நடந்தபோது களைப்பு என்று சொன்னேன். இரண்டாம் முறை வேலைப்பளு என்றேன். மூன்றாம் முறை என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல், சாப்பிட்டு முடித்ததும் கொட்டாவி விட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து கட்டிலில் ஏறியதும் சுவரைப் பார்த்துப் படுத்து, மூச்சை நீளமாக இழுத்துத் தூங்குவதுபோல நடித்து வருகிறேன். நடிப்பில் நான் அவ்வளவு மோசமில்லை. சில நாள் நிஜமாகவே தூங்கியிருக்கிறேன்.

என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வினை. அவள் பேசாமல் இருப்பதற்குள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கறையே போய்விட்டதா, நிம்மதியாக இருக்கிறதா, அல்லது மனதுக்குள் என் கணக்கை எப்போதோ எழுதி மூடிவிட்டாளா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைக் கேட்கத் தைரியம் இல்லாததால் மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் எனக்கு நான்கு நிமிடம் ஒதுக்கினார். அதில் மூன்று நிமிடம் கணினித் திரையோடு பேசினார்.

"வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு, டாக்டர்."

"சரி." தட்டச்சு செய்தார்.

"எல்லாம் பழையபடி ஆயிடுமா டாக்டர்?"

"பாக்கலாம்."

கீழே மருந்துக்கடைப் பெண்ணிடம் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் பழுப்பு உறை ஒன்றைத் தேடி எடுத்தார். எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டேன். "டாக்டர் சொன்னபடி" என்றார். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். "உள்ள தாள்ல இருக்கும் சார்." தாளைப் பிரித்தேன். கடைசி வரி: சந்தேகம் இருப்பின் உங்கள் மருத்துவரையோ மருந்தாளுநரையோ அணுகவும்.

ஆயிரக்கணக்கில் அந்த வரியைச் சரிபார்த்து அனுப்பியவன் நான். அது இப்படி ஆளைச் சுற்றலில் விடும் என்று அன்றுதான் தெரிந்தது.

தாளை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் இடைவேளையில், வேலைக் குவியலுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு. பிழை திருத்துகிறவன் கையில் தாளைக் கொடுத்தால் என்ன செய்வான்? ஓர் எழுத்துப்பிழை, ஒரு தவறான புள்ளி, இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்ட ஓர் இடம் என்று மொத்தம் மூன்று கண்டுபிடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமாக்கா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அவருக்கு முன்னால் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அக்காவின் குரல் மணி என்றால், இவள் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். அதனால் நாற்காலியை நெருக்கிப் போட வேண்டியிருந்தது. நான்தான் நெருக்கிப் போட்டேன். வயிற்றுப்போக்கு, படை, மூலம், குடற்புழு என்று உலகத்தில் இருக்கும் அழகில்லாத வியாதி எல்லாவற்றையும் அந்தக் குரல் என் காதருகே சொல்லிக் கேட்டிருக்கிறேன். குடற்புழு மருந்தின் அளவுப் பட்டியலுக்கு நடுவே எனக்குக் காதல் வந்தது. வேறு யாருக்கும் அப்படி வந்திருக்க நியாயமில்லை.

அவளிடம் நேராகக் கேட்க அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. ஓர் அச்சுப்படியின் ஓரத்தில், ஆசிரியருக்குச் சந்தேகம் எழுதுகிற இடத்தில், பென்சிலால் எழுதினேன்: 'இந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாமா? கேட்க.' அவள் படித்தாள். முகம் மாறவில்லை. அடியில் எழுதித் தந்தாள்: 'மூலப்படி எங்கள் அப்பாவிடம் உள்ளது.' ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கல்யாணம் நடந்தது, மகன் பிறந்தான், மகள் பிறந்தாள். ஆனாலும் அவள் வாயால் ஒரு தெளிவான 'சரி' எனக்கு இன்றுவரை வரவில்லை.

குழந்தைகளுக்காக அவள் வேலையை விட்ட பிறகு, அவசர வேலைகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். எனக்கு அரைநாள் விடுமுறையாகவும் குழந்தைகளுக்குப் பள்ளியாகவும் அமைகிற மதியங்கள் மாதத்தில் ஒன்றிரண்டு வாய்க்கும். மேசை சின்னது என்று சாக்குச் சொல்லிக் கட்டிலில் தாள்களைப் பரப்புவோம். சன்னல் திரையை வெயில் மஞ்சளாக்கும். அவள் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிப் படிப்பாள். நான் பக்கத்தில் விரலை நகர்த்துவேன். 'ஒவ்வாமை, கமா, தலைசுற்றல், கமா, வாய் உலர்தல்' என்று வரும்போது குரல் கொஞ்சம் இறங்கும். விரல் தாளிலிருந்து நழுவி வேறெங்கோ போயிருக்கும். "வரி மாறிட்டீங்க" என்பாள். தாள்கள் ஒவ்வொன்றாகக் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கும். எத்தனையோ மருந்துகளின் பக்கவிளைவுகள் அந்த மதியங்களில் பாதியில் நின்றிருக்கின்றன. பள்ளி விடுகிற நேரத்துக்கு அலாரம் வைத்திருப்போம். அது அடித்ததும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடி, அப்படியே பள்ளி வாசலில் நின்றிருக்கிறேன். மகளின் வகுப்பு ஆசிரியை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நல்ல பெண்மணி.

அந்த விரலும் அந்தக் குரலும் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு கொட்டாவி.

வேலை முடிந்து கிளம்பும்போது கமாக்கா என் சாப்பாட்டுப் பையின் பக்கத்தில் வந்து நின்றார். தாளை அதன் மடிப்புப்படியே பன்னிரண்டாக மடித்திருந்தார்.

"இந்தா தம்பி, உன் பேப்பர் சாம்பிள்."

"அக்கா, அது வந்து..."

"எனக்குக் கதை வேணாம். என் வீட்டுக்காரரும் கடைசி நாலு வருஷம் படுக்கப் போனா கொட்டாவிதான் விட்டாரு. நான் கேக்கவும் இல்ல, அவர் சொல்லவும் இல்ல. அப்புறம் ஆளே போயிட்டாரு." அவர் குரல் முதல் முறையாகப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்காத அளவில் இருந்தது. "வீட்ல சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"இன்னைக்குச் சொல்றியா, இல்ல நாளைக்கு நான் போன் பண்ணி நிறுத்தி நிதானமாப் படிச்சுக் காட்டவா?"

அவர் படித்துக் காட்டினால் எங்கள் தெருவுக்கே மருத்துவ முகாம் நடத்தியதுபோல ஆகிவிடும். அன்று மாலையே சொன்னேன். சொன்னேன் என்றால், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் பழுப்பு உறையைத் துவைத்த துணிக் குவியல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

அவள் உறைக்குள் பார்த்தாள். மாத்திரை அட்டையை எண்ணினாள். நான்கும் இருந்தன. என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், சிரிப்பாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உக்காருங்க. படிக்கலாம்."

"நான் மூணு தடவை படிச்சாச்சு."

"நீங்க படிக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? உக்காருங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் படிக்க ஆரம்பித்தாள். அதே குரல், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. என் விரல் தன் பாட்டுக்கு நகர்ந்தது, ஆனால் நகர்வதற்குத் தாள் இல்லை. ஒரே ஒரு தாள்தான் இருந்தது, அது அவள் கையில் இருந்தது. சரிபார்க்க எதுவும் இல்லாமல், காதில் விழுவதை வெறுமனே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

"'கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் உட்கொண்டால் மாத்திரை வேலை செய்யத் தாமதமாகலாம்.' கேட்டுக்கிட்டீங்களா? 'நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.'"

"அந்தக் கவலை நமக்கு வராது," என்றேன்.

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் இழுக்கும். தொடர்ந்தாள்.

"'நெஞ்சுவலிக்காக நைட்ரேட் வகை மருந்துகளை, அவை நாக்கின் அடியில் வைப்பவையானாலும், பயன்படுத்துவோர் இம்மாத்திரையைக் கண்டிப்பாக உட்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து உயிருக்கு ஆபத்து...'"

குரல் நின்றது. கமாவும் இல்லை, புள்ளியும் இல்லை.

"என்னங்க, உங்க சட்டைப் பையில என்ன இருக்கு?"

எனக்குத் தெரியும் என்ன இருக்கிறதென்று. இரண்டு வருடத்துக்கு முன் காகிதக்கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது நெஞ்சைப் பிடித்தது. இதய மருத்துவர் ஒரு சின்னக் குப்பி மாத்திரை தந்து, வலி வந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். அதன்பின் வலி வரவில்லை. குப்பி மட்டும் தினமும் என்னோடு வரும். நேற்றைய சட்டையிலிருந்து இன்றைய சட்டைக்கு அதை மாற்றிவைப்பது அவள்தான், இரண்டு வருடமாக, ஒரு நாள் தவறாமல்.

குப்பியை எடுத்துக் கொடுத்தேன். விளக்கருகில் பிடித்து அதன் சீட்டைப் படித்தாள். பிறகு தாளையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தக் காலத்தில் நான் செய்வதுபோல விரலால் ஒட்டிப் பார்த்தாள்.

"இந்த வரிய நீங்க பாக்கலையா?"

"பாத்திருப்பேன்."

"பாத்திருப்பேனா? இங்க பாருங்க." தாளை என் முகத்துக்கு நேரே திருப்பினாள். 'கண்டிப்பாக'வுக்கும் 'உட்கொள்ள'வுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. அங்கே அழகாக, நிமிர்ந்து, என் சிவப்புக் கோடு. "கூடாதுங்கற வார்த்தைக்குப் பக்கத்துலயே பேனா வச்சிருக்கீங்க. இடைவெளி விடச் சொல்லித் திருத்தியிருக்கீங்க. உங்களத்தான் சொல்றாங்கன்னு தெரியலையா?"

 வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் தோழி வீட்டுக்குப் போகிறாள் என்று, அன்றைக்குத்தான் முதல் மாத்திரை என்று நாள் குறித்து வைத்திருந்தேன்.

"எப்ப போடறதா இருந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

அவள் அட்டை, தாள், குப்பி மூன்றையும் பார்த்தாள். குப்பியை என் பையிலேயே திரும்பப் போட்டுப் பொத்தானை மாட்டினாள். மாத்திரை அட்டை அவள் கைப்பைக்குள் போனது. நான் துணி மடிக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் தப்பாக மடித்தேன்.

மறுநாள் அரைநாள் விடுப்பு. இருவருமாகப் போனோம். மருத்துவர் வழக்கம்போலத் திரையைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்றார். என் மனைவி மாத்திரை அட்டையைத் திரைக்கும் அவருக்கும் நடுவில் வைத்தாள். பக்கத்தில் குப்பியை வைத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இத ஏன் சார் சொல்லல?"

"என்ன மருந்து எடுத்துக்கறீங்கன்னு கேட்டீங்க. இத நான் எடுத்துக்கல டாக்டர், வச்சிருக்கேன்."

"இவர் இப்படித்தான்," என்றாள் என் மனைவி. "கேக்கற வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்வாரு."

மருத்துவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். "நானும் கூட ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். ரெண்டும் ரத்தக் குழாயத் தளர்த்தற மருந்து. சேந்தா பிரஷர் கிடுகிடுன்னு எறங்கும், சமயத்துல உயிரே போகும். அதனால இந்த மாத்திரை வேணாம். அதுக்காக அந்தக் குப்பிய நீங்களா தூக்கிப் போடாதீங்க. ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க. இன்னொன்னு, அந்த எடத்துக்குப் போற குழாய் நெஞ்சுல இருக்கறதவிடச் சின்னது. அடைப்பு ஆரம்பிச்சா சில பேருக்கு அங்கதான் மொதல்ல காட்டும். அதையும் சேத்துப் பாக்கச் சொல்லி எழுதித் தரேன். அந்தக் குப்பி இன்னும் தேவையான்னு அவர் முடிவு பண்ணட்டும். தேவைன்னாலும் வேற வழிங்க இருக்கு, அப்ப பேசலாம்."

"எல்லாம் பழையபடி ஆயிடுமா டாக்டர்?" என்றேன்.

"டெஸ்ட் வரட்டும், பாக்கலாம்."

பேருந்து நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்தோம். மதிய வெயில். எங்கள் பக்கத்தில் ஓர் இளைஞன் மடியில் பையோடு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பாட்டுக் கேட்கிறானா, எங்களைக் கேட்கிறானா என்று தெரியவில்லை.

"டாக்டர் பரவால்ல, நல்லாத்தான் சொன்னாரு," என்றேன்.

"ம்."

"இந்த வயசுல பல பேருக்கு இப்படித்தான் ஆகுமாம்."

"ம்."

"உனக்கும்... இதெல்லாம்... இனிமே என்ன, பசங்க வளந்தாச்சு... பெருசா ஒண்ணும்..."

"கேக்கறத நேராக் கேளுங்க," என்றாள்.

தொண்டையைச் செருமினேன். அந்த இளைஞனைப் பார்த்தேன். கடைசியில் என் செருப்பைப் பார்த்துக் கேட்டேன்.

"இந்தப் பதினோரு மாசம் உனக்குக் கஷ்டமா இருந்துச்சா? இல்ல, தொல்ல விட்டுதுன்னு இருந்துச்சா?"

பேருந்து ஒன்று வந்தது. எங்களுடையதுதான். அவள் எழுந்திருக்கவில்லை. அது போன பிறகு பேசினாள், எப்போதும் பேசுகிற சத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு. மொதல் ரெண்டு மாசம், வேற எவளோ இருக்காளோன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் நீங்க பனியனோட நிக்கறத நல்லாப் பாத்தேன், அந்தச் சந்தேகம் போயிடுச்சு."

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. பாட்டுக் கேட்கவில்லை அவன்.

"அப்புறம், எனக்கு வயசாயிடுச்சு, இவருக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். அது போகல. தினம் நீங்க செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுக்கறப்பல்லாம் அது பக்கத்துல வந்து படுத்துக்கும்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்."

"வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்டயா? சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஸ்கூல் வாசல்ல நின்ன ஆளுக்கு எங்கிட்ட என்ன வெக்கம்?"

 அவள் என் கையை எடுத்து அவள் மடியில், கைப்பைமேல் வைத்துக்கொண்டாள்.

"இப்ப என்ன, உனக்கு அது வேணுமா வேணாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முடியுமா முடியாதாங்கறத டாக்டருங்க சொல்லட்டும்," என்றாள். "எனக்கு வேணும்."